நீர்க்கோடு

விற்றவன் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினான்.
"படகு இதற்குக் கீழே தாழக் கூடாது."
பதினோரு பக்க ஒப்பந்தத்தில்
விஷயம் அவ்வளவுதான்.

மூன்று மாடி வீட்டை விற்றுவிட்டு
ஃப்ரீஸ்லாந்துக் கால்வாயில் நாங்கள் குடியேறிய அக்டோபரில்
கோடு தண்ணீருக்குள் நான்கு விரற்கடை.
ஒரு காது மந்தமானவரைப் போல
இடப்பக்கம் சாய்ந்து நின்றது படகு.
பட்டாணி சூப் கிண்ணத்தின் ஓரமாக ஒதுங்கியது.
இடப்பக்கம் என் பெட்டிகள்:
வரிக்கணக்கு எழுதிக் கொடுத்த காலத்தில்
ஊரார் வாங்கிய ஆணிக்கும் மாட்டுத்தீவனத்துக்குமான ரசீதுகள்.
ஏழு வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது சட்டம்.
நான் பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன்.
பயத்துக்குச் சட்டம் தெரியாது.

இரவில் தூக்கம் வராது.
எது எங்கே இருக்கிறதென்று மனம்
அலமாரி அலமாரியாகத் திறந்து மூடும்.
இழுப்பறை ஒன்று பாதியில் சிக்கிக்கொள்ளும்.
விடிந்துவிடும்.

முதலில் போனவை ரசீதுகள்.
பிறகு, எந்தப் பூட்டுக்கும் நினைவில்லாத
நாற்பத்தொரு சாவிகள்.
சனிக்கிழமைதோறும் சைக்கிளுக்குப் பின்னால் வண்டியை மாட்டி
பழம்பொருள் கடைக்குப் போனேன்.
கடைப்பெண் ஆவ்க்யே கையை விரித்தாள்:
"மறுபடி சூப் தட்டா?
ஊரே தட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது,
சூப் குடிக்கத்தான் ஆளில்லை."

கொடுக்கக் கொடுக்க மனம் லேசானது
என்று சொல்லமாட்டேன்.
வாஃபிள் அச்சைக் கொடுத்துவிட்டு வந்த அன்று
சைக்கிளை நிறுத்தி அழுதேன்.
வாஃபிள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வீபெ ஒன்றை மட்டும் விடவில்லை:
பனிச்சறுக்குக் காலணிகள்.
இந்தக் கால்வாய் கரைக்குக் கரை உறைந்து
எத்தனையோ வருடம்.
"உறையும், ஹில்ட்யே" என்றான்.
நிறுத்துப் பார்த்தேன். ஒன்றேமுக்கால் கிலோ.
நம்பிக்கைக்கு அது அதிகமில்லை.
விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் கண் விழித்தபோது
மணி எட்டு.
நடுவில் எந்த அலமாரியும் திறக்கவில்லை.
வெளியே வந்து குனிந்தேன்.
தண்ணீருக்கு மேலே கோடு,
துவைத்த சட்டையின் காலர் போல.

மே மாதம் கயிற்றை அவிழ்த்துப் புறப்பட்டோம்,
கைவீசி நடப்பவர்களாக.
இரண்டாவது கிலோமீட்டரில், திறக்காத பழைய பாலம்.
அக்டோபரில் இதனடியில்தான் உரசாமல் வந்தோம்.
இப்போது கூரை ஒரு விரற்கடை இடித்தது.
பாரம் குறைந்து
உயர்ந்துவிட்டோமாம்!
வீபெ சிரித்த சிரிப்பில் வாத்துகள் பறந்தன.

"ஏழு பேர் வேண்டும்" என்று கரையைப் பார்த்துக் கத்தினான்.
தூண்டில் போட்டிருந்த சீட்ஸே வந்தார், வாளியோடு.
தபால்காரி வந்தாள், பையை
கரையில் வைக்க விதி இடம் தராததால் பையோடு.
பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள்.
ஒரு தம்பதி, ஈர நாயோடு.
ஏழாவது ஆள் கிடைக்கவில்லை.
நாயைக் கணக்கில் சேர்த்தோம்.

எங்களிடம் இருந்தவை இரண்டே கோப்பைகள்.
ஜாம் பாட்டிலில், பாத்திர மூடியில்,
வீபெயின் சவரக் கிண்ணத்தில் காபி ஊற்றினேன்.
என்னுடைய பன்னிரண்டு கோப்பைகள்
ஆவ்க்யேயின் கடையில் வரிசையாக நிற்பது நினைவுக்கு வந்தது.
நிற்கட்டும்.
எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்,
மூச்சை விட்டால் எடை குறைந்துவிடும் என்பது போல.
பாலத்தின் நிழல்
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது,
நாயையும் விடாமல்.

அந்தப் பக்கம் இறங்கிக் கையசைத்தார்கள்.
ஒவ்வொருவர் கால் கரையில் பட்டபோதும்
காலடியில் படகு சற்றே எழும்பியது.

பெஞ்சின் மேல் ஒரு குடை கிடந்தது.
நீலம். கைப்பிடி உடைந்தது.
யாருடையதென்று தெரியவில்லை.
வீபெ என்னைப் பார்த்தான்.
நான் எட்டி
கோட்டைப் பார்த்தேன்.