ஒரு ஃபரட்

ஹாகன் நகரில், தளபாடக் கடைக்குப் பின்னால்
இரவில் காலியாகும் கார் தரிப்பிடத்தில்
பழைய ஓப்பலின் பின்கதவைத் திறந்து
பாட்டைப் போட்டேன்.
ஒவ்வொரு முரசடிக்கும்
முன்விளக்குகள் கண்ணைத் தாழ்த்தின.
மரியாதை என்று கொஞ்சநாள் நினைத்திருந்தேன்.
வாகினி சொன்னாள்:
"அது மயக்கம்."

எண்பத்தொன்பது யூரோ.
வெள்ளிப் போத்தல் மாதிரி ஒரு கப்பாசிற்றர்,
நெற்றியில் நீல இலக்கங்கள்.
"ஒரு ஃபரட்" என்றான் விற்றவன்,
ஒரு பரப்புக் காணி என்பதுபோல.

பூட்டிய அன்றே கடித்தது.
சின்ன பல்ப் ஒன்றின் வழியாக
மெல்ல மெல்ல நிரப்ப வேணுமாம்.
நான் கம்பியை நேரே வைத்தேன்.
ஒரு பொறி.
ஸ்பனரின் வாயில் அரிசியளவு பள்ளம்,
இன்னும் இருக்கிறது.

பிறகு பாட்டு. பேஸ். விளக்கு
தாழ்ந்தது.
"முந்தியைவிட நாகரிகமாய்த் தாழுது" என்றேன்.
அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாகினிக்கு
சுவிற்ச் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை.
நாள் முழுக்க மின்சாரத்தைச் சந்தேகிக்கச்
சம்பளம் வாங்குகிறவள்.
சனிக்கிழமை, கைப்பையிலிருந்து
மூக்குக்கண்ணாடி எடுப்பதுபோல மீற்றரை எடுத்தாள்.
சிவப்பை ஒரு முனையில், கறுப்பை மறுமுனையில் வைத்து
"போடு" என்றாள்.

கப்பாசிற்றர் இல்லாமல்
பதினான்கு தசம் ஒன்றிலிருந்து
பதினொன்று தசம் ஆறுக்கு விழுந்தது.
கப்பாசிற்றரோடு,
பதினொன்று தசம் ஏழு.

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்.
இது சோளப்பொரியின் வாசம்.

"கைமாத்து மாதிரித்தான் இது" என்றாள்.
"முதல் அடிக்குக் குடுக்கும்.
கண் சிமிட்ட முன்னம் கை விரிச்சிடும்.
பிறகு சம்பளம் வந்த உடன
வாசலில முதல் ஆளாய் நிக்கும்,
குடுத்ததைத் திருப்பித் தா எண்டு.
உன்ர பாட்டு என்ன, ஒரு அடியோடயா முடியுது?"

முதல் அடியாவது முழுசாய் விழுகிறதே என்றேன்.
அவள் பொனற்றைத் தூக்கினாள்.
பச்சை பூத்த முனைகள்,
கம்பெனி போட்ட மெலிந்த கம்பி.
"தேரை நூலால இழுக்கிறாய்.
கம்பியைத் தடிப்பாக்கு.
பெரிய ஆல்ரனேற்றர் ஒண்டு தேடு.
வருமானத்தைப் பெருப்பிச்சுப்போட்டுச் செலவழி."

அம்புக்கு இன்னும் ஏழு மாதத் தவணை கிடக்கிறது.
அதைப்பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
காரைப்பற்றித்தான் பேசினோம்.

கழற்றும் நாளில் மழை.
நிலத்தடித் தரிப்பிடத்தில், எண் நாற்பத்தொன்றில்,
பொறுமை இந்தமுறை என் கையில் இருந்தது.
பழைய நம்பர்பிளேற் பல்ப் ஒன்றின் இரு வாலையும்
கப்பாசிற்றரின் இரு முனையில் தொடுத்தேன்.
வெறுமையாக்கி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பல்ப் எரிந்தது.
அப்போது பார்த்து, ஆளசைவு காணாத
கூரை விளக்குகள் தாமாக அணைந்தன.
கையை ஆட்டினால் திரும்ப வரும்.
இருவரும் ஆட்டவில்லை.

ஒரு முரசடியைத் தாங்க மாட்டாதது
வாகினியின் நாடியையும்
என் ஈரச் சப்பாத்தையும்
சுவரில் யாரோ கீறிய மீனையும்
காட்டிக்கொண்டு நின்றது.
வெள்ளை, பிறகு மஞ்சள்,
பிறகு தேயிலைச் சாயம்.
அரை நிமிடம் இருக்குமா?
அவள் எண்ணினாளாம். எவ்வளவென்று
கேட்டதற்குச் சொல்லவில்லை.
கடைசியில் இழை மட்டும்
சிவப்பாய், எறும்புக்கால் மாதிரி.

இசர்லோனிலிருந்து ஒரு பெடியன் வந்தான்,
நாற்பது யூரோவுக்குப் பேசி.
நீல இலக்கங்களைத் தடவிப் பார்த்து,
உண்மையிலேயே உதவுமா என்று கேட்டான்.

பாட்டுக்கு இல்லை என்றேன்.

பிறகு எதற்கு என்பதுபோலப் பார்த்தான்.
மிச்சத்தைச் சொல்ல
என்னிடம் ஜெர்மன் இல்லை.
முப்பதுக்குக் கொடுத்தேன்.