குறைஞ்சபட்சத் தொகை

மார்கழிக்கு முதல் கடிதம் வந்திடும்.
ரொறன்ரோவிலையிருந்து, கண்ணாடித் தாள் ஒட்டின நீட்டு உறை.
அவரின்ரை பெயர் இருந்த இடத்திலை இப்ப என்ரை பெயர்,
யோகாம்பிகை பேரின்பநாதன், கொக்குவில் கிழக்கு,
ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

இந்த வருசம் குறைஞ்சது இவ்வளவு எடுக்கவேணுமாம்.
வேண்டாமெண்டாலும் எடுக்கவேணும்.
போன வருசத்தை விட வீதம் கூட;
வயசு ஏற ஏற அதுவும் ஏறும்.
எனக்கு இன்னும் எத்தினை வருசமெண்டு
ஆரோ ஒரு பிள்ளை அங்கை இருந்து
மிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்திருக்கு.
கோவமில்லை. சாத்திரியாரும் அதைத்தான் செய்தவர்,
அவருக்கு நான் காசும் குடுத்தனான்.

பாண் பக்டரியிலை இருபத்தாறு வருசம்
இரவு வேலை செய்த மனுசன்.
லீவு எடுக்கமாட்டார்,
எடுக்காத லீவுக்குக் காசு தருவாங்களெண்டு.
அந்தக் காசும் இதுக்குள்ளைதான் கிடக்கு.
எழுபத்தொண்டு முடியட்டும், பேந்து எடுப்பம் எண்டு
கலண்டரிலை வட்டம் போட்டு வைச்சிருந்தவர்.
ஊருக்கு வந்த மூண்டாம் ஆடியிலை,
எழுபதிலை, கதிரையிலை இருந்தபடியே போனார்.
ஒரு சதம் தொடேல்லை.

நான் ஏதும் கேட்டால்,
குளிர்ச் சப்பாத்துக்கோ, மூத்தவளின்ரை பிறந்தநாளுக்கோ,
"என்னத்துக்கு?" எண்டு ஒரு சொல்.
கோவமில்லாமல் கேப்பார், அதுதான் கஷ்டம்.
சொன்னால் தருவார்.
கொப்பியிலை எழுதோணும்: திகதி, தொகை, காரணம்.
காரணத்துக்குரிய கோட்டை
அவரே அடிமட்டம் வைச்சுக் கீறினவர்.

கடிதத்தோடை வந்த படிவத்தை
ரெண்டு தரம் புரட்டிப் பார்த்தன்.
வங்கி இலக்கம் கேக்குது.
வரி எவ்வளவு பிடிக்க எண்டு கேக்குது.
கையெழுத்துக் கேக்குது.
என்னத்துக்கெண்டு ஒரு பெட்டியும் இல்லை.

முந்தநாள் ஆஸ்பத்திரி வீதி வங்கியிலை
துஷானி எண்ட பிள்ளை தாள்களை மிசினிலை ஓடவிட்டா.
எண்ணுற சத்தம் நிண்ட பிறகும்
நான் போகாமல் நிண்டன்.
"வேறை ஏதும் கேக்கோணுமோ அம்மா?"
நீ கேக்கோணும் பிள்ளை, எண்டு சொல்லேல்லை.

ஓட்டோ பிடிச்சன். வீட்டை போகச் சொல்லேல்லை.
பண்ணைக் கடலடியிலை இறங்கி,
ஓட்டோவைக் காக்கவைச்சு, அதுக்கும் காசு குடுத்து,
இடுப்பளவு தண்ணியிலை வலை இழுக்கிறவங்களைப் பார்த்துக்கொண்டு
மழை துமிக்குமட்டும் நிண்டன்.
பெடியன் ரெண்டு தரம் கோன் அடிச்சான்.

இரவு கொப்பியை எடுத்தன்.
அவரின்ரை கடைசி வரி, பல்ப் ரெண்டு, முந்நூற்றெண்பது.
அதுக்குக் கீழை
திகதி எழுதினன். ஓட்டோக் காசு எழுதினன்.
அடிமட்டக் கோட்டைத் தாண்டிப் பேனை போகேல்லை கொஞ்ச நேரம்.
பேந்து எழுதினன்:
சும்மா.