இருபதாவது வளைவுக்கு மேல்

பெட்டிகள் மொத்தம் இருபது,
கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்று.
வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே கடுகளவு வெப்பமானி,
மூடியில் என் கைப்பேசி எண்.
அதற்குக் கீழே மார்க்கரில்
"இது குண்டு அல்ல" என்று நானே எழுதியது,
மூன்றாம் வளைவுப் பெட்டிக்குப் போலீஸ் வந்துபோன பிறகு.

மாதம் இருமுறை, அடிவாரத்திலிருந்து.
கண்டக்டர் சகாயராஜ் என்னை
டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்.
"இன்னிக்கு எத்தனை டிகிரிக்கு டிக்கெட்?"

முதல் பெட்டிக்குள்
நேற்று மத்தியானத்தின் முப்பத்தொன்பது
இன்னும் ஆறாமல் இருக்கிறது.
பின்னால் சேலம். வெள்ளைக்கல் தோண்டிய மேடுகள்
வெயிலைக் கடன் வாங்கி
ராத்திரி முழுக்க வட்டியோடு கட்டுகின்றன.
இங்கே உசிலை, கள்ளி,
இலையைச் சுருக்கி முள்ளாக்கிய சிக்கனக்காரர்கள்;
ஒரு மழையை ஒன்பது மாதம் செலவழிக்கத் தெரிந்தவர்கள்.

ஆறாம் வளைவில் மூங்கில், வேங்கை,
ஏப்ரலில் ஓர் இலை இல்லை.
பட்டுப்போச்சு என்கிறார் ஜன்னலோரச் சுற்றுலாக்காரர்.
இல்லை சார், கடை சாத்தியிருக்கிறது.
முதல் தூறலுக்கு ஷட்டரைத் தூக்கும்.

பதினொன்றில் காது அடைக்கும்.
ஒரு குழந்தை எலுமிச்சையை முகர்ந்துகொண்டே
வாந்தி எடுக்கும்.
சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள்
பூ மழைக்குக் காத்து மொட்டோடு நிற்கும்.
போன வருடம் அது வரவில்லை.
வந்தபோது பூவுக்கு வயதாகிவிட்டது.

பள்ளியில் உலகப் படத்துக்கு வண்ணம் தீட்டினேன்:
பாலைக்கு மஞ்சள், புல்வெளிக்கு இளம்பச்சை,
மழைக்காட்டுக்குக் கரும்பச்சை,
ஊசியிலைக் காட்டுக்கு வரும்போது
கிரேயான் முறிந்துவிட்டது.
அந்தப் படத்தைத்தான் யாரோ சுருட்டி
இந்த மலையில் செங்குத்தாகச் சாத்தியிருக்கிறார்கள்.
ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும்;
சமதரையில் அந்தக் குளிரைத் தேடிப் போனால்
ரயிலில் எத்தனை ராத்திரி தூங்க வேண்டுமோ.
ஆனால் படம் பாதியில் கிழிந்திருக்கிறது.
எங்களிடம் ஊசி வளைவில்தான் உண்டு,
இலையில் இல்லை.
அதற்கு மலை உயரம் போதாது.

இது தெரியாமலே எல்லாரும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது
உண்ணிச்செடி எட்டாம் வளைவோடு நின்றது.
இப்போது பதிமூன்றில் பூத்திருக்கிறது.
யாரும் நடவில்லை.
சின்னான் குருவி பழம் தின்னும், மேலே பறக்கும்,
வயிறு லேசாகும். அவ்வளவுதான் விவசாயம்.
பெட்டிகளும் அதையே சொல்கின்றன,
ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொள்ளாமல்.
ஒரு பெட்டி சொன்னால் பேட்டரி கோளாறு.
இருபதும் சொன்னால்?

இருபத்தொன்றாவது பெட்டி கணக்கில் இல்லை.
என் சொந்தக் காசு.
கோயிலுக்குப் பின்னால், பாசி தொங்கும் சோலையில்,
கட்டைவிரல் நகமளவு ஒரு தவளைக்காக.
ஈரம் ஏறினால் கூப்பிடும்,
டம்ளரை நகத்தால் தட்டுவதுபோல்.

காபித் தோட்டத்துச் சடையம்மா, என் வயதுதான்,
கேஸ் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"சூடு ஏறுனா அது இன்னும் மேல போவாதா?"
கையை நீட்டினேன்.
முப்பது அடி பாறை.
அப்புறம் மேகம்.
அவள் பாறையைப் பார்த்தாள்,
பிறகு என்னை, ஏதோ நான் கட்டிய சுவர்போல.
சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி பஸ்ஸுக்கு ஹாரன் அடிக்கிறார்கள்.
எனக்குத் திரும்ப வளைவுகள் இருக்கின்றன.
அதற்கு இறங்கும் ஒவ்வொன்றும்
இன்னொரு காய்ச்சல்.

பேட்டரி மாற்றினேன். நோட்டில்:
பெட்டி 21. பதினெட்டு புள்ளி நான்கு. பனிமூட்டம்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுத
கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.
இரண்டாவது ஹாரனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
தட்டியது.
எழுதினேன்:
இருக்கிறது.