எட்டடி மூன்றங்குலம்

பலகை எட்டடி மூன்றங்குலம்.
அறையை மூலைக்கு மூலை அளந்தால் ஒன்பதடி.
மிச்சமிருக்கும் முக்காலடியில்
நானும் ஷிபினும் பை கட்டுகிறோம்.

அவன் நாளை கொச்சித் துறைமுகம்,
அங்கிருந்து சூரைக்கும் சுறாவுக்கும் நாற்பது நாள்.
நான் வர்க்கலை. சனி, ஞாயிறு.

ரெண்டு கைலி, ஒரு போர்வை, சார்ஜர்,
வாயுக்கு ஒரு பட்டை மாத்திரை,
மூடியைச் சுற்றி அம்மா டேப் ஒட்டிய நாரத்தங்காய் ஊறுகாய்.
ஏழு நிமிடத்தில் ஜிப்பை இழுத்துவிட்டு
என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்,
படம் பார்க்கிற மாதிரி.

என் சாமான் தரை முழுக்க.
முழுக்கைச் சட்டை, நனைந்தால் ஒட்டாத கால்சட்டை,
நனைந்ததைப் போட ஒரு பை,
அந்தப் பை நனைந்தால் அதைப் போட இன்னொன்று.
மெழுகு. உறையில் தேங்காய்ப் படம் போட்டிருக்கிறது.
அம்மா முகர்ந்து பார்த்துச் சொன்னாள்:
'இதில தேங்காயே கெடையாது.'
மூக்குக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு.
'ஆமா, மேடையில ஆடப் போறா' என்றான் ஷிபின்,
ஆனால் எடுத்து விலையைப் பார்த்தான்,
பின்பக்கத்தை ரெண்டு முறை படித்தான்.

போனில் நாளைய கடல்:
நாலடி அலை, பன்னிரண்டு நொடி இடைவெளி,
விடியலில் கரைக்காற்று.
இருக்கிற இடம் பொழியூர் என்கிறது.
நான் நீரோடியில், என் கட்டிலில் இருக்கிறேன்.
கட்டிலைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் போல.

அம்மா வாசலில் நின்று கணக்குக் கேட்டாள்.
ரூம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு.
சொன்னேன். கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.
'கடலுக்குப் போனா காசு கொண்டு வரணும்டி.
நீ குடுத்துட்டு வாற.'
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
துண்டை இன்னொரு முறை மடித்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது:
பலகையின் துடுப்புக்குத் திருகாணி இல்லை.
கோவளத்தில் பாதி விலைக்குக் கொடுத்தவன்
அதையும் பாதியாகத்தான் கொடுத்திருக்கிறான்.
பதினொன்றரை மணி. எந்தக் கடை?
ஷிபின் எழுந்தான். எங்கேயோ போனான்.
வீடு ஒரு நிமிடம் இருட்டானது, வெளிச்சமானது.
திரும்பி வந்து, உள்ளங்கையில் ஒன்று,
வெள்ளை டேப்பை ரெண்டு சுற்றுச் சுற்றி
துடுப்பை இறுக்கினான்.
காலில் கட்டும் கயிற்றின் நுனி நைந்திருந்ததைக் கண்டு
அதை வெட்டி எறிந்து
தூண்டில் நரம்பில் ஒரு முடிச்சுப் போட்டான்.
'சுறா இழுத்தாலும் அவுராது.'
'சுறாவப் பத்தி இப்ப பேசாத.'

மூன்று மணிக்கு அனிருத்தனின் மீன்வண்டி.
போர்வை சுற்றிய பலகையை டார்ச் அடித்துப் பார்த்தார்:
'இதெந்தா, வாதிலாணோ?'
கதவுதான் என்றேன். விளக்க நேரமில்லை.
ஐஸ் பெட்டிகளுக்கு மேலே கதவு,
கதவுக்கு மேலே ஷிபினின் ஒரு கை,
கல்லம்பலம் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.
தூங்கினான்; கை தூங்கவில்லை.

இறக்கிவிட்டு, 'தலையப் பாத்துக்க' என்றான்.
பலகையின் தலையையா, என்னுடையதையா என்று
கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.
நாற்பது நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மலைப்பாறைக்குக் கீழே மணலில்
பையைத் திறந்தால் மீன் நாற்றம்.
வெள்ளைக் களிம்பைக் காணவில்லை.
அது இருந்த இடத்தில்
செய்தித்தாளில் பொதிந்த இன்னொரு திருகாணி,
ஸ்பேர்.

நடுக்கடலில் மூக்கு மட்டும் வெள்ளையாக
ஒருத்தன் வலை பார்க்கப்போவதை நினைத்து
நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது
அம்மா கூப்பிட்டாள்:

'லைட்டப் போடப் போனேன்,
சுவிட்சுப் பெட்டி கையோட வந்துட்டு.
ரெண்டுல யாரு?'

அலை வருதும்மா என்றேன்.
உண்மையாகவே வந்துகொண்டிருந்தது.