பின்னோக்கிப் பதினோரு அடி

என் லைசென்சில் இருப்பவளுக்கு இருபத்துமூன்று வயது.
பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
காரமடையில், ரயில்வே கேட்டுக்கு அப்பால்
சோளம் அறுத்த காட்டில் எட்டுப் போட்டுக் காட்டினாள்.
சமதரை. எதிரே ஒரே ஒரு ஆடு.
அதற்கும் ஹாரன் அடித்தாள்.

அடுத்த தையில் கல்யாணம், அரவேணு.
இங்கே சாலை என்றால்
ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.
"மெதுவாப் பழகிக்கலாம் ரெபேக்கா" என்றார் ஜெபராஜ்.
இருபது வருஷம் பழகிக்கொண்டிருக்கிறேன்
பக்கத்து சீட்டில் உட்கார.

வருத்தமெல்லாம் இல்லை.
ஏழு நாற்பது பஸ்ஸில் மூன்றாவது ஜன்னல் என்னுடையது.
டிரைவர் முன்னே சாய்ந்து
கண்ணாடியில் பனியைத் துடைக்கிறபோது
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு
கண்ணை மூடிவிடுவேன்.
அந்தப் பயம் அவர் சம்பளத்தில் சேர்த்தி.

தேயிலை ஃபாக்டரியில் எடைமேடை என் வேலை.
ஏற்றி வருகையில் ஓர் எடை,
இறக்கிப் போகையில் ஓர் எடை,
கழித்தால் விறகு.
கோத்தகிரிக்கு வருகிற எந்த லாரியும்
வெறும் வயிற்றில் எத்தனை கிலோ என்று சொல்வேன்.
ஓட்டத்தான் வராது.

"நீச்சல் மாதிரிக்கா, தெரிஞ்சு வச்சுக்கணும்"
என்கிறாள் டேஸ்டிங் ரூம் மாதி.
இந்த மலையில் எங்கேடி நீந்துவது?
கோவை நாத்தனார்
"இந்தக் காலத்துல போயி…" என்று ஆரம்பிப்பாள்.
அவள் கார் மாசத்தில் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில்.
விறகு லாரி ரங்கசாமி என் கட்சி:
"ஆளாளுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சா
ஏறுற வண்டிக்கு ஒதுங்கி நிக்க யாரும்மா இருப்பா?"
ரங்கசாமிக்கு லைசென்ஸ் உண்டா என்று
நான் கேட்டதில்லை.

கார்த்திகையில் காலாவதி.
புதுப்பிக்கவா, விட்டுவிடவா?
நாற்பது தாண்டினால் டாக்டர் கையெழுத்து வேறு.
படிவம் அரிசி டப்பா மேலேயே கிடந்தது.

ஐப்பசியில் ஜெபராஜுக்குக் கண்புரை ஆபரேஷன்.
மூன்றாம் நாள் ராத்திரி அடித்த மழையில்
தடுப்புச் சுவர் சரிந்து பாதை பாதியானது.
மிச்சப் பாதியில் எங்கள் கார்.
விடியுமுன் ஐந்தேகாலுக்கு
மேலேயிருந்து ஹாலனின் பால் ஜீப்,
பின்னால் ஏழு கேன்.
ஐந்தரைக்கு சொசைட்டியில் மூடிவிடுவார்கள்.
"சாவியக் குடுங்கக்கா, நான் எடுத்து விடுறேன்."

கொடுத்திருக்கலாம்.
ஏன் கொடுக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது.
நைட்டிக்கு மேல் அவர் கோட்டு,
சீட்டு அவர் கால் நீளத்துக்கு எங்கோ பின்னால்.
கிளட்சில் என் முழங்கால்
தையல் மிஷின் மாதிரி ஆடியது.
ஒரு தடவை அணைந்தது.
ஒரு கண்ணில் கட்டோடு ஜன்னலில் அவர்,
ஒடி ஒடி என்று சொல்ல வாயைத் திறந்து
சொல்லாமல் மூடிக்கொண்டார்.
ஹாலன் ஹெட்லைட்டைத் தணித்தான்.
பின்னால் போனேன்.
சாமந்தித் தொட்டி ஒன்று போயிற்று.
ஜீப் உரசாமல் இறங்கியது,
கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு.

வெளிச்சம் வந்ததும் டேப் வைத்து அளந்தேன்.
எடை போடுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்?
பதினோரு அடி, சில்லறை.

டாக்டர் படிவத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
"ஓட்டுறீங்களா?"
"எப்பவாவது" என்றேன்.
பொய்யா என்று அவரும் பார்க்கவில்லை.
குத்தினார் சீலை.

கார் அதே இடத்தில் நிற்கிறது.
நான் அதே ஏழு நாற்பதில் போகிறேன்,
அதே மூன்றாவது ஜன்னல்.
வளைவில் டிரைவர் முன்னே சாய்கிறபோது மட்டும்
என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.
அங்கே ஒன்றும் இல்லை,
யாரோ உரித்துப் போட்ட கமலாத் தோலைத் தவிர.