ஏராளம்

இன்றைக்கு நூற்று நாற்பது தாள்.
தாளுக்கு நாலு ரூபாய்.
நாப்தலின் நெடியில் மூக்கு மரத்துப்போய்
மாலை டீயிலும் அதே ருசி.

ஞானாபரணம் அம்மாள்
முப்பத்தெட்டில் தொடங்கி அறுபத்தொன்றுவரை
வடஆற்காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடுங்கி
செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி
இந்த ஒன்பது இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார்.
வேலூர் வெயில் எட்டாத இடம் இது ஒன்றுதான்.

யுத்தச் செய்திக்குள் ஒரு நன்னாரிக்கொடி.
வேர்முடிச்சில் அமிர்தி ஓடையின் மணல்.
காஞ்சொறி இலைக்கடியில்
எண்பது வருடமாய் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எறும்பு.

லத்தீன் பெயர் மட்டும் மையில்.
மற்றதெல்லாம் பென்சிலில், தமிழில்.
பூ வெள்ளை. மணமில்லை.
மழை. தாள் நனைந்தது. சேலையில் ஒற்றினேன்.
இதற்குச் சின்னாண்டி சொல்லும் பெயரை
எழுத என்னிடம் எழுத்தில்லை.

உடன் வந்தவர்: சின்னாண்டி.
உடன் வந்தவர்: சின்னாண்டி.
நானூறு தாளுக்கு மேல் சின்னாண்டி.
பிறகு ஒரு தாளில்: தனியாக.
அதற்கப்புறம் ஜவ்வாது மலைச்செடி ஒன்றுகூட இல்லை.
எல்லாம் பாலாற்றங்கரை.

எங்கள் கணினியில்
உடன் வந்தவருக்குக் கட்டம் இல்லை.
குறிப்பில் போடலாமா என்று கேட்டேன்.
நாற்பது எழுத்துக்குள் என்றால் போடு என்றார் மேலாளர்.
போடுகிறேன்.

தாள் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
கொட்டி.
விரிஞ்சிபுரம், ஆற்றோரக் கசம், முழங்கால் தண்ணீர்.
எவ்வளவு என்ற இடத்தில்
ஏராளம்.

ஸ்கேனர் வெளிச்சம் அந்தச் சொல்லின்மேல்
மெல்ல ஊர்ந்து போனது.
நான் விரிஞ்சிபுரத்துக்காரன்.
அந்த ஆற்றில்தான் கிரிக்கெட் ஆடினோம்.
பந்து ஒருநாளும் நனைந்ததில்லை.

திரும்ப ஸ்கேன் செய்தேன்,
படம் கலங்கிவிட்டது என்று பொய் சொல்லி.

ரயில் மூட்டையில் வந்திருக்கலாம், மிக அரிது
என்று அவர் சந்தேகப்பட்ட பூண்டு
இப்போது சத்துவாச்சாரியில் என் வாசல்வரை.
அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது.
பார்த்ததை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை லத்தேரி ரயில்வே கேட் மூடியிருந்தது.
தண்டவாளம் நெடுக பார்த்தீனியம், இடுப்புயரம்.
ஒன்பது அலமாரியிலும் அது இல்லை,
அது வருமுன் அவர் போய்விட்டார்.
வண்டியை நிறுத்தி
ஒன்றை வேரோடு பிடுங்கினேன்.
கை அரித்தது.
நகைக்கடை விளம்பரத்துக்குள் மடித்து வைத்து
கேட் கீப்பரிடம் பென்சில் வாங்கினேன்.

எதுக்கு சார் இந்தக் கருமம், என்றார்.

இடம். தேதி.
எவ்வளவு என்ற இடத்தில்
அம்மாளின் சொல்லையே எழுதினேன்.
பெயர் கேட்டேன். துரைக்கண்ணு என்றார்.
உடன் வந்தவர்: துரைக்கண்ணு.

எட்டிப் பார்த்தார்.
நான் எங்க சார் வந்தேன், என்றார்.