ஆஸ்தே

வண்டி செகண்ட் ஹேண்ட். செட்டு அதற்கும் முந்தின கை.
கஸ்பாவில் ஷஃபியுல்லா பொருத்தும்போதே சொன்னார்:
இடது கதவு ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு,
பேலன்ஸை வலதுபக்கம் தள்ளி வெச்சிருக்கேன்,
ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.
நாலு வருஷம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

பட்டன்களில் எழுத்து தேய்ந்துவிட்டது.
எது மோடு எது மெனு என்பது
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
என்னைக் கேட்டால் தப்பாகச் சொல்வேன்.

பேஸ் எப்போதும் மைனஸ் ஆறு.
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி
ஆஸ்பத்திரியிலிருந்து காட்பாடி.
பின்சீட்டில் வருகிறவர்களுக்கு
எங்காவது ஓரிடத்தில் தையல் இருக்கும்.
ஒருநாள் ஒரு மத்தள அடிக்கு
மால்டாக்காரர் ஒருவர் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டார்.
அன்றைக்குக் குறைத்தது.

ஆஸ்தே, ஆஸ்தே என்பார்கள்.
முதல் மாசம் பிரேக்கைத்தான் மிதித்தேன்.
சத்தத்தையும் அதே வார்த்தையால்தான் குறைப்பார்கள் என்று
பிறகு தெரிந்தது. நம் மெதுவா மாதிரி.
இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தால்
கால் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

போன வியாழன். ஸ்டியரிங்கில்
துண்டு சுற்றிப் பிடிக்கிற வெயில்.
ஒரு அம்மா, ஆறு வயசில் ஒரு பையன்.
பாபாய், பாபாய் என்று கூப்பிட்டபடி வந்தாள்,
அவன் திரும்பவில்லை.
காதுக்கு மேலே முடி மழித்த இடத்தில்
காந்தமாய் ஒட்டியிருந்தது ஒரு சின்ன வட்டு.
இன்றைக்குத்தான் ஆன் பண்ணினார்களாம்.
ஃபேனைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பையன் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.
ஏறியதும் கதவு ஸ்பீக்கர்மேல்
உள்ளங்கையை வைத்தான்.
இத்தனை நாளும் அப்படித்தான் கேட்பானாம்.
வைத்தான், எடுத்தான், என்னைப் பார்த்தான்.

மாட்டிக்கொண்டேன்.

மெனுவை அமுக்கி, திருகி, மறுபடி அமுக்கி
பேலன்ஸைத் தேடி இடதுக்குத் தள்ளினால்
தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு கத்தல்.
ஆஸ்தே! என்றாள் பின்னாலிருந்து.
பிரேக் போட்டுவிட்டேன்.
பின்னால் ஒரு லாரிக்காரன் திட்டியது
நல்லவேளை அவளுக்குப் புரியாது.

ரேடியோவில் யாரோ ஒருத்தி
கேழ்வரகுக்கு உரம் வைப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
பையன் குமிழில் கை வைத்தான்.
ஏழு. பன்னிரண்டு. மூன்று.
அமுக்கினான், அவள் இல்லை.
அமுக்கினான், யூரியாவோடு திரும்ப வந்தாள்.
இல்லை. உண்டு. இல்லை. உண்டு.
ஒவ்வொரு உண்டுக்கும் என் முகத்தைப் பார்த்தான்,
எனக்கும் அப்படித்தானா என்பதுபோல.
நான் தலையாட்டினேன்.
தலையாட்டிக்கொண்டே பாலம் ஏறினேன்.

அடுத்த குமிழ் அவனாகவே கண்டுபிடித்தது.
ஒரு ஸ்டேஷனிலிருந்து நகர்ந்து
இன்னொன்றுக்குப் போய்ச் சேராத இடம்.
புது செட்டு என்றால் அங்கே இரைச்சலை விழுங்கிவிடும்.
இது பழசு, அப்படியே துப்பும்.
ஷ்ஷ்ஷ் என்று கொட்டியது.
அங்கே கையை எடுத்துவிட்டான்.
சிரித்தான்.
கீழே பாலாறு, மணலும் கருவேலமும்
ஓரத்தில் சாக்கடைபோல் ஒரு கோடு தண்ணீரும்.
விருதம்பட்டு தாண்டும்வரை
மூன்று பேரும் அதைத்தான் கேட்டோம்.
பாட்டு போடட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்று அவள்தான் கை காட்டினாள்.

காட்பாடியில் கதவைத் திறந்ததும்
ஆட்டோக்கள், ஒலிபெருக்கியில் மூன்று பாஷை,
சமோசாக்காரன், சூட்கேஸ் சக்கரங்கள்
எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன.
பையன் ஒரு நிமிஷம் நின்றான்.
தலையிலிருந்து வட்டைப் பிடுங்கி
நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டான்.
அம்மா பதறி எடுத்து ஒட்டினாள்.
மறுபடி பிடுங்கினான்.
அவனிடமும் ஒரு மியூட் இருக்கிறது.

குமிழில் பிஸ்கட் பிசுக்கு.
திரும்பும் சவாரியில் ஒருவர் கேட்டார்,
ரேடியோ ரிப்பேரா?
ஓடட்டும் சார் என்றேன்.

சாயங்காலம் கஸ்பா போனேன்.
இடது ஸ்பீக்கர் மாற்ற ஆயிரத்து இருநூறு என்றார் ஷஃபியுல்லா.
யார் கண்டுபிடிச்சது என்றும் கேட்டார்.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.
பேலன்ஸை மட்டும் நடுவில் விட்டிருக்கிறேன்.
கரகரக்கிறது.